பெரியவர்கள் ஓ.எல். (பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை) படிக்க வன்னியில் வகுப்பு இருக்கிறதா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

என் அக்காவுக்காகக் கேட்கிறேன். 2008இல் விசுவமடுவில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு இடம்பெயர்வு, செட்டிகுளம் முகாம், திரும்பி வந்ததும் வீட்டுப் பொறுப்பு. படிப்பு அப்படியே நின்றுவிட்டது. போன மாதம் ஆறாம் வகுப்பு மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், "நானும் சோதனை எழுதினால் என்ன?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களும் இலவசம். சரி, சொல்லித்தர ஆள் வேண்டுமே. ரியூட்டரியில் (தனியார் வகுப்பில்) பாடத்துக்குத் தனித்தனிக் காசு, சுற்றிவரப் பதினாறு வயதுப் பிள்ளைகள். ஒருநாள் போய்ப் பின்வாங்கில் இருந்துவிட்டு வந்தவர், அப்புறம் போகவில்லை. அந்தக் கூச்சத்தில் பிழையே இல்லை.

கிழமை நாட்களில் ஆடைத் தொழிற்சாலை வேலை, ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. தர்மபுரம், பரந்தன், கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் வளர்ந்தவர்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடக்கிறதா? ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது கணிதமும் தமிழும் மட்டும் சொல்லித்தந்தாலும் போதும். அடுத்து உயர்தரம் படிக்கப் பொதுவாக அந்த இரண்டிலும் சித்தி கேட்பார்கள். இதே நிலையில் வேறு அக்காமார் இருந்தால் எழுதுங்கள், நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு ஆசிரியரை எங்கள் வீட்டுக்கே அழைக்கலாம். விறாந்தையில் இடம் இருக்கிறது.