மஞ்சள் ஐரிஸுக்கு தமிழ்ல பேர்: வசம்பு வேணாம்னு சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம்,

மஞ்சள் ஐரிஸ்ங்கற அயல் செடிக்கு நாம தமிழ்ப் பேர் தேடறோம்ல, அதுக்கு அண்ணன் நேத்து அனுப்புன "போலி வசம்பு"ங்கற பேர் பத்தி ராத்திரி பூரா யோசனை. ஏன் அப்படி வெச்சாருன்னு புரியுது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ல இந்த செடிக்கு வெச்ச அறிவியல் பேரே ஐரிஸ் சூடகோரஸ், அதாவது போலி அகோரஸ், அகோரஸ்னா நம்ம வசம்பு, பூ இல்லாத நேரத்துல பாத்தா ரெண்டுத்துக்கும் இலை ஒரே மாதிரி வாள் கணக்கா நிமிந்து நிக்கும், ரெண்டும் தண்ணி ஓரத்துல வளரும், மண்ணுக்குள்ள ரெண்டுக்கும் கிழங்கு படுத்தாப்ல ஓடும். அதனால அர்த்தம் சரிதான்.

ஆனா நம்ம வீடுங்கள்ல வசம்பு யாருக்கு? பச்சப் புள்ளைக்கு. என் பொண்ணு பொறந்தப்போ தண்டையார்பேட்டை வீட்ல அம்மா வசம்ப வெளக்குல சுட்டு, கல்லுல ஒரசி, வயித்துல தடவுனாங்க, கையில வசம்பு வளையல் கட்டுனாங்க, அதோட பேரக்கூட சொல்லாம "பேர்சொல்லாதது"ன்னுதான் சொல்வாங்க. இந்த ஐரிஸோட கிழங்கு விஷம். தின்னா வாந்தி, வயித்தால போகும், சாறு பட்டா தோல் எரியும். வசம்புன்னு முடியற ஒரு பேர நாம வெச்சுட்டா, வாய்வழியா பரவும்போது மொதல்ல உதிர்றது அந்த "போலி"தான், வசம்பு மட்டும் நிக்கும். அந்த பயம் எனக்கு நெஜமாவே இருக்கு.

இன்னொருத்தர் "மஞ்சள் கருவிழி"ன்னு எழுதியிருந்தாரு. ஐரிஸ்னா கிரேக்கத்துல வானவில், வானவில் தேவதை பேரும் அதுவே, அங்கேர்ந்துதான் கண்ணுல இருக்கற கருவிழிக்கும் ஐரிஸ்னு பேர் போச்சு, பூவுக்கும் போச்சு. கண்ணுக்கு வெச்ச தமிழ எடுத்து பூவுல ஒட்டுனா மூலத்துல இருக்கற வானவில் காணாமப் போயிடுது, கேக்கறவங்களுக்கு மஞ்சக்காமாலை ஞாபகம்தான் வரும். அல்லியும் வேணாம், அது வேற குடும்பம், இலை தண்ணி மேல மெதக்கும், இது ஒரு மீட்டருக்கு மேல ஒசந்து நிக்கற செடி. வாள்னு ஆரம்பிக்கலாம்னு பாத்தா கிளாடியோலஸ்ங்கற பூச்செடி பேர்லயே வாள் இருக்கு, அதுவும் இதே குடும்பம், நாளைக்கு அதுக்கு பேர் வெக்கும்போது இடிக்கும்.

வானவில்லயே புடிச்சுக்கலாம். ஆனா வில்லும் பூவும் சேந்தா "விற்பூ", பூ விக்கறது மாதிரி கேக்குது. இங்கதான் மாட்டிக்கிட்டேன்.

---

தம்பி, வசம்பு விஷயத்துல நீ சொல்றதுதான் சரி, நானும் ரெண்டு புள்ள வளத்தவ. வானவில் வெச்சிருக்கறவ "வானவில்லி". ஐரிஸ் தேவதைதானே, பொருத்தமா இருக்கு. தனியா வில்லின்னா சினிமா ஞாபகம் வரும், வானத்தோட சேந்தா வராது. ஐரிஸ் பேரினம், அதாவது ஐரிஸ் செடிங்க மொத்தத்துக்கும் இத வெச்சுக்கிட்டு, இந்த செடிக்கு முன்னாடி "கழி" போடேன், எண்ணூர்க்காரங்களுக்கு டக்குனு புரியும்.

---

அக்கா, வானவில்லி ரொம்ப அழகு, காலைலேர்ந்து சொல்லிப் பாத்துக்கிட்டே இருக்கேன். கழி மட்டும் வேணாம்க்கா, நம்ம பக்கம் கழின்னா கடல் ஏறி எறங்கற உப்புத்தண்ணி, இந்த செடி ஐரோப்பாவுல பெரும்பாலும் நல்ல தண்ணி ஓடை, குளம், சேத்து ஓரத்துல வளர்றது. "சதுப்பு" போடலாம். சென்னையில சதுப்புன்னாலே பள்ளிக்கரணைன்னு ஆயிடுச்சு, மணலி, எண்ணூர் ஈரநெலத்த யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல, அந்த சொல்ல நம்ம பக்கமும் கொஞ்சம் பொழங்குவோம். மஞ்சளா பூக்கற ஐரிஸ் வேறயும் இருக்கறதால முழுப்பேர் "மஞ்சள் சதுப்பு வானவில்லி", கட்டுரைக்குள்ள ரெண்டாவது தடவைலேர்ந்து "சதுப்பு வானவில்லி".

பேரோட போடற குறிப்புல, இத நம்ம நீர்நிலைல நடக்கூடாதுன்னு ஒரு வரி கண்டிப்பா வரணும். கழிவுநீர்லேர்ந்து உலோகத்த உறிஞ்சும்னு இத வளக்கறாங்க, அதப் படிச்சுட்டு பக்கிங்காம் கால்வாய்ல நடலாமேன்னு யாருக்காவது தோணும். இதோட விதை தண்ணில மெதந்து போயி மொளைக்கும், கிழங்கு துண்டானாலும் தழைக்கும், வட அமெரிக்காவுல நீர்நிலைய அடைச்சுக்கிட்டு பெரிய தொல்லையா ஆயிடுச்சு. வெங்காயத்தாமரைய வாரி வாரி நாம படற பாடு போதும். அந்த வரியோட சேத்து நாளைக்கு பதிவ எழுதி அனுப்பறேன், "அயல் செடி"ங்கறதும் மொத வரியிலயே இருக்கும்.