ரோட்டரி கட்டரில் ஷியர் போல்ட் உடைந்துகொண்டே இருக்கிறது, அவசர உதவி தேவை

மேட்டுக்காடு (கேட்டவர்):
வணக்கம் நண்பர்களே. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் புதர் வெட்டுகிற ரோட்டரி கட்டரில், ஷாஃப்டில் இருக்கும் ஷியர் போல்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது. இன்று காலையிலிருந்து நான்கு போய்விட்டன. கல்லிலும் மோதவில்லை, கட்டையிலும் மோதவில்லை. இன்னும் பாதி நிலம் வெட்டாமல் கிடக்கிறது. இதைவிடக் கெட்டியான போல்ட் போட்டால் நிற்குமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நுகத்தடி:
கொஞ்சம் விவரம் கொடுங்கள். டிராக்டர் எத்தனை ஹெச்.பி., கட்டர் எத்தனை அடி? எப்போது உடைகிறது? பி.டி.ஓ. (எஞ்சின் சுழற்சியைக் கட்டருக்குக் கொடுக்கும் டிராக்டரின் பின்தண்டு) போட்ட நொடியிலா, வெட்டிக்கொண்டிருக்கும்போதா, திருப்பத்தில் கட்டரைத் தூக்கும்போதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இப்போது என்ன போல்ட் போடுகிறீர்கள் என்றும் சொல்லவில்லை.

செம்புழுதி:
இது ஷாஃப்ட் நீளம். அடித்துச் சொல்வேன். கட்டரோடு வருகிற பி.டி.ஓ. ஷாஃப்டை அப்படியே மாட்டிவிடுகிறோம், நம் டிராக்டருக்கு ஏற்ப வெட்டுவதில்லை. கட்டரைத் தூக்கி இறக்கும்போது உள்குழாய் வெளிக்குழாய்க்குள் முழுதாகப் போய் முட்டும். டிராக்டரின் பி.டி.ஓ.வும் கியர்பாக்ஸ் மூக்கும் ஒரே மட்டத்துக்கு வரும் உயரத்தில்தான் ஷாஃப்ட் மிகவும் குறுகும். அந்த உயரத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று செ.மீ.யாவது இடம் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். நான் ஹேக்சாவை எடுத்து இரண்டு குழாயிலும் ஒரே அளவு வெட்டினேன், அன்றோடு தொல்லை தீர்ந்தது.

பழம்பட்டறை:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. ஷியர் போல்ட் உடைவதற்காகவே வைத்திருப்பது தம்பி. அது உடைகிறது என்றால் பழுது வேறெங்கோ இருக்கிறது. கெட்டியான போல்ட் போடலாமா என்று கேட்பவர் முதலில் கட்டரோடு வந்த கையேட்டைப் படிக்க வேண்டும். அப்புறம், ஷாஃப்ட் முட்டினால் போவது பேரிங்கும் கியர்பாக்ஸும்தான். போல்ட் ஏன் உடைய வேண்டும்? முறுக்குவது எது, தள்ளுவது எது என்று தெரியாமல் ஆலோசனை சொல்லக் கூடாது.

செம்புழுதி:
ஐயா, நான் பட்டதைச் சொன்னேன். என் கட்டரில் ஷாஃப்டை வெட்டிய பிறகு போல்ட் உடையவில்லை, அவ்வளவுதான்.

ஓரக்கால்:
நீங்கள் ஆக்சிலரேட்டரை ஏற்றி வைத்துக்கொண்டு பி.டி.ஓ. போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிளேடும் அது மாட்டியிருக்கும் வட்டத் தட்டும் சேர்ந்து கனமான சக்கரம் மாதிரி. நின்றுகொண்டிருக்கும் அதை ஒரே இழுப்பில் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குக் கொண்டுபோனால் போல்ட் தாங்காது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பி.டி.ஓ.வை நிதானமாகப் போட்டு, பிளேடு சுற்ற ஆரம்பித்த பிறகு வேகத்தை ஏற்றுங்கள்.

மேட்டுக்காடு (கேட்டவர்):
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டிராக்டர் 45 ஹெச்.பி., கட்டர் 5 அடி, பி.டி.ஓ. 540. கைமாறி வந்த கட்டர், கையேடு இல்லை. பி.டி.ஓ. மெதுவாகத்தான் போடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் உடைகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் வெட்டும், திடீரென்று சத்தம் மாறும், ஷாஃப்ட் மட்டும் சுற்றும். போல்ட் கடையில் கிடைத்த 12 மி.மீ. கொஞ்சம் அதிர்வும் உண்டு. விலை குறைந்த கட்டர், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரும்புக்கை:
10.9 கிரேடு போல்ட் போட்டுவிடுங்கள். நான் மூன்று வருடமாக அதைத்தான் போடுகிறேன், ஒன்றுகூட உடையவில்லை.

பழம்பட்டறை:
தலையில் அடித்திருக்கும் எண்ணுக்கு அர்த்தம் தெரிந்துதான் சொல்கிறீர்களா? 4.6 போல்ட்டின் இழுவைத் திறன் 400 மெகாபாஸ்கல், 8.8-க்கு 800, 10.9-க்கு 1000. அதாவது போல்ட் விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் அதை இரண்டரை மடங்கு கெட்டியாக்கிவிட்டீர்கள். ஒரு கட்டையில் பிளேடு மாட்டினால் அடுத்த பலவீனமான இடம் போகும். ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் யுஜே கிராஸ் போகும், இல்லையென்றால் கியர் பல் போகும். போல்ட் மாற்ற ஐந்து நிமிடம். கியர்பாக்ஸைப் பிரித்துக் கோக்க எத்தனை நாள் என்று பிரித்தவர்களைக் கேளுங்கள்.

இரும்புக்கை:
என் நிலத்தில் கட்டையும் இல்லை, கல்லும் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. பார்க்கப்போனால் ஷியர் போல்ட்டே பழைய முறை. பாரம் மிஞ்சினால் உடையாமல் வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச் உள்ள ஷாஃப்ட் மாட்டினால் போல்ட் மாற்றும் வேலையே கிடையாது.

நுகத்தடி:
@மேட்டுக்காடு, உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றை எடுத்துத் துடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே பக்கமாக இழுத்துத் தேய்த்த மாதிரி பளபளப்பாக இருந்தால் ஒரே அடியில் அறுந்தது, அதாவது எதிலோ மோதியது. ஒரு பக்கம் வழவழவென்று கடற்கரை மணல் வரிபோல வளைகோடுகளும், மீதி இடம் சொரசொரப்பாகவும் இருந்தால் அது ஆடி ஆடிக் களைத்து முறிந்தது. எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மரை உள்ள பகுதியிலா, மரை இல்லாத வழவழப்பான தண்டிலா?

மேட்டுக்காடு (கேட்டவர்):
மூன்று துண்டு கிடைத்தது. மூன்றும் ஒரே மாதிரி. முக்கால்வாசி வழவழப்பு, நீங்கள் சொன்ன கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் சொரசொரப்பு. மரை உள்ள இடத்தில்தான் முறிந்திருக்கிறது. போல்ட் முழுவதும் மரைதான்.

நுகத்தடி:
அப்படியென்றால் நீங்கள் சொன்னது சரி, எதிலும் மோதவில்லை. போல்ட் அதன் துளைக்குள் ஆடுகிறது. இந்த வகை ஷாஃப்ட்களில் பெரும்பாலும் அரை அங்குலத் துளை, அதாவது 12.7 மி.மீ. அதில் 12 மி.மீ. போட்டால் ஆரம்பத்திலேயே ஆட்டம்தான். துளையும் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். போதாததற்கு முழு மரை போல்ட். மரையின் ஒவ்வொரு பள்ளமும் விரிசல் தொடங்க வசதியான இடம். அறுபடும் தளத்தில் வழவழப்பான தண்டு வரும்படி, துளைக்குச் சரியான அளவில், கெட்டிப்படுத்தாத சாதாரண போல்ட் போடுங்கள். கொஞ்சம் நீளமாக வாங்கினால் மரை வெளியே போய்விடும்.

ஓரக்கால்:
சரி, ஆனால் இத்தனை நாள் ஓடிய கட்டர் இன்றைக்கு மட்டும் ஏன் நான்கு போல்ட் தின்கிறது?

கரும்பச்சை:
அதையேதான் நானும் கேட்க வந்தேன். தம்பி, கடைசியாக பிளேடில் எப்போது கை வைத்தீர்கள்? சாணை பிடித்தீர்களா, மாற்றினீர்களா?

மேட்டுக்காடு (கேட்டவர்):
ஆமாம் அக்கா, போன வாரம். ஒரு பிளேடு வளைந்திருந்தது. பட்டறையில் கொடுத்து அதை மட்டும் மாற்றினேன், இன்னொன்றைச் சாணை பிடித்தார்கள். அதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

கரும்பச்சை:
அங்கேதான் இருக்கிறது. பிளேடை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழையது தேய்ந்தும் சாணையில் கரைந்தும் எடை குறைந்திருக்கும், புதியது முழு எடையோடு இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.டி.ஓ. 540 என்றாலும் கியர்பாக்ஸ் அதை ஏற்றித்தான் கொடுக்கும். பிளேடு நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி வெறும் 200 கிராம் வித்தியாசம் 100 கிலோவுக்கும் மேலான விசையாகி ஒவ்வொரு சுற்றிலும் தண்டை ஒரு பக்கம் இழுக்கும். உங்கள் அதிர்வு அங்கிருந்து வருகிறது. கட்டர் மலிவானது என்பதால் அல்ல. கட்டரின் மேல்தகடு மெல்லியது என்பதால் அது அதிகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றித் தகட்டில் விரிசல் விடும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். இரண்டு பிளேடும் தன் போல்ட்டைச் சுற்றித் தாராளமாக ஆட வேண்டும். சுற்றும்போது தானாக விரிந்து நிற்கும், தடை வந்தால் பின்னால் மடங்கி வழி விடும், அப்புறம் மறுபடி விரியும். ஒன்று இறுகிக் கிடந்தால் மடங்காது. ஒவ்வொரு தடித்த செடித் தண்டிலும் படுகிற அடி நேராக உங்கள் ஷியர் போல்ட்டுக்கு வரும். பிளேடு போல்ட் சாதாரண போல்ட் இல்லை. தலைக்குக் கீழே பருத்த வழவழப்பான கழுத்து இருக்கும், பிளேடு அந்தக் கழுத்தில்தான் சுழலும், நட்டு எவ்வளவு இறுகினாலும் பிளேடைப் பிடிக்காது. பட்டறையில் என்ன போல்ட் போட்டார்கள் என்று பாருங்கள். கம்பியோ கயிறோ சுற்றியிருந்தாலும் இப்படி இறுகும்.

பார்ப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு முழுதாக நிற்கும் வரை கிட்டே போகாதீர்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கட்டருக்கு அடியில் கை வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் கெட்டியான மரக்கட்டை கொடுங்கள். ஒரு ஹோஸ் விட்டால் கட்டர் ஒரே நொடியில் கீழே வந்துவிடும். எனக்குத் தெரிந்த வீட்டில் அப்படி ஒரு கை போனது. அதனால்தான் இத்தனை தூரம் சொல்கிறேன்.

பழம்பட்டறை:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், பழுது வேறெங்கோ இருக்கிறது என்று. பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். சாணை பிடித்த விளிம்பு சுற்றும் திசையில் முன்னால் வர வேண்டும். சாணையும் கத்தி மாதிரி கூர்மையாகப் பிடிக்கக் கூடாது, விளிம்பில் ஒன்றரை மி.மீ. தடிமன் விட வேண்டும். இல்லையென்றால் முதல் கல்லிலேயே பல் பல்லாக உதிரும்.

இரும்புக்கை:
எல்லாம் சரி, ஸ்லிப் கிளட்ச் இருந்திருந்தால் இந்த நான்கு போல்ட்டும் மிச்சம். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பழம்பட்டறை:
சொல்கிறேன். நீங்கள் கேட்கும் ஸ்லிப் கிளட்சை ஒரு பருவம் மழையில் நிறுத்திப் பாருங்கள். தகடுகள் துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது வழுக்காது, உங்கள் 10.9 போல்ட்டும் அதுவும் ஒன்றுதான். ஷியர் போல்ட் துருப்பிடித்தாலும் உடைய வேண்டிய நேரத்தில் உடையும்.

நுகத்தடி:
இரண்டும் வேலை செய்யும், கவனிப்பதில்தான் வித்தியாசம். கிளட்ச் வைத்திருப்பவர்கள் பருவத் தொடக்கத்தில் ஸ்பிரிங் நட்டுகளை எல்லாம் ஒரே அளவு, இரண்டு சுற்று தளர்த்துங்கள். தகடுகளின் விளிம்புக்குக் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இரண்டு மூன்று விநாடி பி.டி.ஓ. போட்டு நிறுத்துங்கள். கோடு விலகியிருந்தால் வழுக்கியிருக்கிறது, நட்டைப் பழைய அளவுக்கே இறுக்கிவிடலாம். விலகவில்லை என்றால் பிரித்துத் துருவைத் தேய்க்க வேண்டும்.

இரும்புக்கை:
நான் கொட்டகையில்தான் நிறுத்துகிறேன். எல்லோரும் வெளியிலேயே போட்டுவைப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

ஓரக்கால்:
கேட்டவரைக் காணோம். @மேட்டுக்காடு, பிளேடைப் பார்த்தீர்களா?

(நான்கு நாட்கள் கழித்து)

மேட்டுக்காடு (கேட்டவர்):
தாமதத்துக்கு மன்னிக்கவும். கட்டை கொடுத்துவிட்டுத்தான் பார்த்தேன் அக்கா. புது பிளேடு கடப்பாரை வைத்துத் தள்ளியும் அசையவில்லை. சாதாரண போல்ட்டை வாஷரோடு போட்டு இறுக்கியிருந்தார்கள். கழுத்துள்ள போல்ட் வாங்கி, பிளேடையும் ஜோடியாக மாற்றிவிட்டேன். ஷியர் போல்ட் துளை முட்டை மாதிரி நீண்டிருந்தது. லேத்தில் புஷ் (துளைக்குள் செருகும் சிறு குழாய்) அடித்து அரை அங்குலமாகக் கடைந்து கொடுத்தார்கள். நேற்று நான்கு மணி நேரம் ஓட்டினேன். ஒன்றும் உடையவில்லை, அதிர்வும் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

நுகத்தடி:
மகிழ்ச்சி. முதல் சில மணி நேரம் ஓடிய பிறகு பிளேடு நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். கழற்றிய இரண்டு பிளேடையும் எடை போட்டால் இங்கே எழுதுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும்.

செம்புழுதி:
ஷாஃப்ட் நீளத்தையும் பார்த்துவிட்டீர்களா தம்பி?

மேட்டுக்காடு (கேட்டவர்):
பார்த்தேன் அண்ணா. 6 செ.மீ. இடம் இருக்கிறது.