அப்பாவைச் சந்திக்க மறுத்த உல்ஃப் டோன்: வைராக்கியமா, வழக்கைக் கெடுத்த வீம்பா?

வடகரை:
1798 நவம்பர் 10, டப்ளின். பிரெஞ்சுப் போர்க்கப்பலில் பிடிபட்ட அயர்லாந்துப் புரட்சியாளர் டோன், பிரெஞ்சு ராணுவ உடுப்போடு ராணுவ நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். தூக்கு வேண்டாம், சுட்டுவிடுங்கள் என்பது மட்டுமே கோரிக்கை. அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாக இருந்த கார்ன்வாலிஸ் அதையும் மறுத்தார். 11ஆம் தேதி மனைவி மெட்டில்டாவுக்கு எழுதிய கடிதத்தில், அப்பா உட்பட யாரையும் பார்க்கப் போவதில்லை என்கிறார். அதே அப்பா பீட்டர் டோன்தான் மறுநாள் காலை பிரமாணப் பத்திரத்தோடு கிங்ஸ் பெஞ்ச் என்ற சிவில் உயர் நீதிமன்றத்தில் நின்றார். அரசரின் படையில் பதவி வகிக்காத ஒருவரை, சிவில் நீதிமன்றம் இயங்கும்போது ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று வக்கீல் கரன் வாதிட, தலைமை நீதிபதி கில்வார்டன் உடனே ஆட்கொணர்வு ஆணை போட்டார். அதற்குள் டோன் இரவே கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார். 19ஆம் தேதி இறந்தார். அப்பாவைப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் கத்தியை எடுத்திருப்பாரா?

கருவேலன்:
ஆணை கிடைத்து அவர் உயிரோடும் இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது என்ன? சிவில் நீதிமன்றத்தில் தேசத்துரோக வழக்கு. இங்கிலாந்தில் அதற்கு இரண்டு சாட்சிகள் தேவை; அயர்லாந்தில் அன்று ஒருவரே போதும். அந்த ஜூலையில்தான் ஆம்ஸ்ட்ராங் என்ற ஒற்றை ஆளின் சாட்சியத்தில் அயர்லாந்துப் புரட்சியாளர்களான ஷியர்ஸ் சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டோன் விஷயத்தில் சாட்சி தேடவே வேண்டாம், கப்பலிலேயே பிடிபட்டவர். தவிர, தம்பி மேத்யூ செப்டம்பர் 29இல் தூக்கிலிடப்பட்டிருக்கிறார். அந்தக் கிழவரை இன்னொரு மகனிடமும் விடைபெற வைக்கச் சொல்கிறீர்களா?

வடகரை:
இன்னொரு அயர்லாந்துப் புரட்சியாளர் நேப்பர் டேண்டியை மறந்துவிட்டீர்கள். அவரும் பிரெஞ்சுப் படை அதிகாரி, அதே ஆண்டு வந்திறங்கியவர். 1801இல் மரண தண்டனை. 1802இல் நெப்போலியன் தரப்பு அழுத்தத்தில் விடுதலையாகிப் பிரான்சின் போர்தோ நகரம் போய்ச் சேர்ந்தார். கரன் கேட்டதும் கால அவகாசம்தான்.

கருவேலன்:
டேண்டியைப் பிடித்தது நடுநிலை நகரமான ஹம்பர்க்கில், கைதே சர்ச்சை. விடுதலையானது சமாதானப் பேச்சு முடிகிற நேரம். 1798 நவம்பரில் அந்த ஆண்டு அயர்லாந்துக் கிளர்ச்சியின் ரத்தம்கூடக் காயவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தேன்சிட்டு:
மெட்டில்டாவுக்கு டோன் எழுதிய 10ஆம் தேதிக் கடிதத்தை இருவருமே விட்டுவிட்டீர்கள். அழுகைக்கு அதில் இடமே தரவில்லை. கடைசியில் மட்டும் முடிக்க முடியவில்லை என்று தடுமாறுகிறார். மற்றபடி அவளுக்காக யார் யாருக்கு எழுதியிருக்கிறார் என்ற பட்டியல்: பிரெஞ்சு அரசு, கடற்படை அமைச்சர், ஜெனரல் கில்மெய்ன், பிரெஞ்சு அதிகாரி ஷீ. இவர்களில் ஷீயிடம் குறிப்பாக யோசனை கேள் என்கிறார். அயர்லாந்தில் அவள் சகோதரர் ஹாரிக்கும், நாடு கடத்தப்படவிருந்த நண்பர்களுக்கும் தனித்தனிக் கடிதங்கள். பின்குறிப்பில், நண்பர் வில்சன் உன்னைக் கைவிட மாட்டார் என்கிறார். அந்த வில்சனைத்தான் அவள் 1816இல் மணந்தாள். பிரெஞ்சு ஆட்சிக்குழுவுக்கு எழுதியதும் இதற்கே: மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் வேறு வழியில்லை. பிரெஞ்சு அதிகாரியாகவே சாகிறேன் என்று நின்றால்தான் விதவை பாரிஸில் உரிமையோடு கேட்க முடியும். உடுப்பை வீம்பாக நான் பார்க்கவில்லை.

அப்பாவைப் பார்க்காததால் மனு விஷயம் தெரியாமல் போனது என்பதையும் ஏற்க முடியவில்லை. மெட்டில்டாவின் சகோதரி சொல்லி அனுப்பியது சிறைக்குள் வந்திருக்கிறது. அவள் சகோதரர் எட்வர்டின் வாக்குறுதியும் வந்திருக்கிறது. வழி இருந்தது. நாளை மனு போடுகிறோம் என்று ஒரு வரி அனுப்பாதது வெளியில் இருந்தவர்கள் குறை.

வடகரை:
அந்த ஒரு வரியை முதலில் படிப்பவர் யார்? சிறைப் பொறுப்பிலிருந்த மேஜர் சாண்டிஸ். நீதிமன்ற ஆணையோடு போன ஷெரீப்பையே மதிக்காதவர். மனு வருகிறதென்று தெரிந்தால் விடிவதற்குள் தூக்கை முடித்திருப்பார்கள். வாயால் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி அது. அதைச் சொல்ல நேரில் ஒருவர் போயிருக்க வேண்டும், அந்தக் கதவைத்தான் டோன் சாத்தினார்.