ஹன்டர் ஹாரிசன்: 81இலிருந்து 59க்கு வந்தது எப்படி?

கேபின்மேன் கேட்டது:
கனடியன் பசிஃபிக் (சிபி) ரயில்வேயின் ஆப்பரேட்டிங் ரேஷியோ (நூறு ரூபாய் வருமானத்துக்கு ஆகும் இயக்கச் செலவு) 2011இல் 81.3. ஹன்டர் ஹாரிசன் 2012இல் சிஇஓ ஆனார்; 2016இல் அது 58.6. எங்கே படித்தாலும் "ஆளைக் குறைத்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுக்குள் என்ன மாற்றினார்? அதே மனிதர் 2017இல் சிஎஸ்எக்ஸ் என்ற அமெரிக்க ரயில்வேக்குப் போனதும் வண்டிகள் ஏன் அங்கங்கே முட்டிக்கொண்டு நின்றன? இந்த எண்ணை நம் ரயில்வேயோடு ஒப்பிடலாமா?

யார்டுவாசி:
ஆள் குறைப்பு உண்மைதான். 4,500 வேலைகள் போகும் என்று 2012 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். அத்தனை ஆள் தேவைப்படாமல் போனது எப்படி என்பதற்குத்தான் யார்டைப் பார்க்க வேண்டும்.

ஹாரிசன் அறுபதுகளில் மெம்ஃபிஸ் நகரில், ஃபிரிஸ்கோ ரயில்வேயில், வேகன் ஆக்சில் பெட்டிக்கு எண்ணெய் விடும் வேலையில் சேர்ந்தவர். நம் ஊர்க் கணக்கில் சி அண்ட் டபிள்யூ (பெட்டி, வேகன் பராமரிப்பு) ஆள். 1980இல் ஃபிரிஸ்கோ பர்லிங்டன் நார்தர்னோடு இணைந்தது. 1989இல் இல்லினாய் சென்ட்ரலுக்குப் போய், 1993இல் அதன் சிஇஓ. அந்தக் கம்பெனியைக் கனடியன் நேஷனல் வாங்கியபோது இவரும் கூடவே போனார். 2003 முதல் 2009 முடிய அங்கே சிஇஓ. ஆக, சிபிக்கு வரும்போது கையில் இருந்தது இரண்டு கம்பெனியில் ஓட்டிப் பார்த்த முறை.

இப்போது ஹம்ப் யார்டு. வந்த வண்டியை ஒரு மேட்டின் மேல் மெதுவாகத் தள்ளி, கப்ளிங் கழற்றி, வேகன்களை உருட்டிவிடுவார்கள். ரிடார்டர் சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும், தடம் மாற்றும் பாயின்ட் திரும்பி வேகன் அதனதன் லைனில் போய்ச் சேரும். தினம் ஆயிரத்துக்கு மேல் வேகன் பிரிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. கோளாறு, உள்ளே போன வேகன் வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும். ஒரு கணக்குப் போடுங்கள்: தினம் 1,200 வேகன் வருகிறது, ஒவ்வொன்றும் சராசரி 30 மணி நேரம் நிற்கிறது என்றால் எந்நேரமும் 1,500 வேகன் யார்டில் இருக்கும். 20 மணி நேரமாக்கினால் 1,000 போதும். அந்த 500 வேகனுக்கான லைன், ஷன்டிங் இன்ஜின், வேகன் வாடகை, ஆள் எல்லாமே மிச்சம். டொரன்டோ, வினிபெக், கால்கரி, சிகாகோ என்று சிபி ஹம்புகளை மூடியது இந்தக் கணக்கில்தான்.

லூப்லைன்:
மேட்டை மூடினால் மட்டும் நேரம் குறைந்துவிடாது. பிரிக்கும் வேலையை முன்னாலேயே முடிக்க வேண்டும். சின்ன சமதள யார்டில், வண்டி கிளம்பும் இடத்திலேயே, கடைசி ஊர் வாரியாகக் கட்டிவிட்டால் நடுவில் இருக்கும் பெரிய யார்டைத் தொடாமலே தாண்டிவிடலாம். அடுத்தது, லோடு நிரம்பட்டும் என்று வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. குறித்த நேரத்தில் கிளம்பியாக வேண்டும். மூன்றாவது, கிழக்கே எத்தனை வண்டியோ மேற்கேயும் அத்தனை. இல்லாவிட்டால் இன்ஜினும் க்ரூவும் (வண்டி ஓட்டும் ஆட்கள்) ஒரு முனையில் குவிந்து, வெறும் இன்ஜினை ஓட்டித் திருப்பி எடுக்க நேரும்.

பலரும் விட்டுவிடுவது லூப் (எதிர் வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்) நீளம். வண்டியை 10,000 அடிக்கு மேல் நீட்டினால் க்ரூ மிச்சம். ஒற்றைப் பாதையில் லூப் 7,000 அடியென்றால், எதிரெதிரே வரும் இரண்டு நீள வண்டிகள் அங்கே கிராஸ் செய்யவே முடியாது. ஒன்று ரொம்பப் பின்னாலேயே காத்திருக்கும். ஆகவே லூப்பை நீட்டிவிட்டுத்தான் வண்டியை நீட்ட வேண்டும். சிபியில் இதற்குச் சில வருஷம் கிடைத்தது.

யார்டுவாசி:
சிஎஸ்எக்ஸில் அந்த அவகாசத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, என் பார்வையில் சறுக்கல் அதுதான். 2017 மார்ச்சில் வந்தார். சில மாதங்களுக்குள் 12 ஹம்பில் பெரும்பாலானவை சமதள யார்டு ஆயின. சிபி பாதை நீளவாக்கில் போவது; சிஎஸ்எக்ஸோ கிழக்கு அமெரிக்காவில் சிலந்தி வலை மாதிரி. ஒரு ஜங்ஷன் அடைத்தால் ஐந்து திசையிலும் வண்டி நிற்கும்.

நின்ற பிறகு நடப்பது சங்கிலி. யார்டில் இடமில்லாததால் வண்டி மெயின் லைனிலேயே நிற்கும். அமெரிக்கச் சட்டப்படி க்ரூ 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, நேரம் முடிந்தால் வேறு க்ரூவைக் காரில் ஏற்றி அனுப்ப வேண்டும். வேகன் 4 மணி நேரத்துக்கு மேல் ஏர் (பிரேக்குக்கான காற்றழுத்தம்) இல்லாமல் கிடந்தால், அன்றைய விதிப்படி முழு பிரேக் டெஸ்ட் செய்யாமல் கிளப்ப முடியாது. ஒவ்வொன்றும் இன்னும் சில மணி நேரத்தை விழுங்கும். அந்தக் கோடையில் வாடிக்கையாளர்கள் முறையிட்டு, அக்டோபரில் எஸ்டிபி (அமெரிக்க ரயில்வேக்களைக் கண்காணிக்கும் அரசு வாரியம்) பொது விசாரணை வைத்தது. டிசம்பர் 16 அன்று ஹாரிசன் இறந்தார். அடுத்து வந்த ஜேம்ஸ் ஃபூட் அதே முறையைத் தொடர்ந்தார், 2016இல் 69.4ஆக இருந்த ரேஷியோ 2018இல் 60.3.

கணக்குப்பிள்ளை:
ஒப்பீட்டைப் பற்றி மட்டும். 2022-23இல் நம் ரயில்வேயின் எண் 98.1. அதில் பென்ஷன் நிதிக்குப் போவதும் செலவாக ஏறுகிறது. பயணிகள் வண்டி நஷ்டமும் அதே கணக்கில்தான். சிபி கிட்டத்தட்ட முழுக்கச் சரக்குக் கம்பெனி. வட்டியும் வருமான வரியும் அவர்கள் ரேஷியோவுக்குள் வராது, ஆகவே கடன் வாங்கிப் பங்கைத் திரும்ப வாங்கினாலும் எண் அசையாது. நிலம் விற்ற லாபத்தைச் சில கம்பெனிகள் இயக்கச் செலவிலேயே கழித்துக் காட்டும். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் அதைப் பார்த்துக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கேபின்மேன்:
நன்றி சார். டுவெல் நேரத்தை (வேகன் யார்டில் நிற்கும் நேரம்) வாரவாரியாகப் பார்க்க வழி உண்டா?

லூப்லைன்:
உண்டு. எஸ்டிபி தளத்தில் ஒவ்வொரு பெரிய ரயில்வேயும் வாரந்தோறும் தரும் எக்செல் கோப்பு இருக்கிறது. சராசரி வண்டி வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். யார்டுக்குள் நிற்கும் நேரம் அதில் சேராது. டெர்மினல் டுவெலையும் மொத்த வேகன் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் எங்கேயோ அடைத்திருக்கிறது.