மேலத்தெரு ஜெபக்குழு: திங்கக்கிழமை முறை

சனிக்கிழமை

*ஐயரம்மா (போதகர் மனைவி), மாலை 5:10*
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூணாவது சந்து அம்மாவுக்கு டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி காலை 6:30 ஷிஃப்ட்டுன்னு முடிவாயிட்டு. ஒரு தடவைக்கு 4 மணி நேரம். மகள்கிட்ட கேட்டு, அவ சரின்னு சொன்ன பிறகுதான் இங்க போடுதேன். பேரு, ரிப்போர்ட், ஆஸ்பத்திரி போட்டோ எதுவும் போட வேண்டாம். ஜெபக்குறிப்புன்னு வேற குரூப்புக்கும் அனுப்பாதீங்க. கர்த்தருக்கு அந்த அம்மாவோட கிரியேட்டினின் நம்பர் நம்ம சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

*பொன்ராஜ் அண்ணாச்சி, 5:14*
ஆமென். நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் பத்துப் பேரு போய்ப் பார்த்து ஜெபிச்சிட்டு வந்துருவோமா? போகையில ஒரு குலை இளநீர் வாங்கிக்கிடலாம்.

*எஸ்தர் அக்கா (நர்ஸ்), 5:16*
அண்ணாச்சி, இளநீர் வேண்டவே வேண்டாம் 🙏 கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு உடம்புல சேருற பொட்டாசியம் வெளிய போகாது. இளநீர்ல அது நிறைய. ரத்தத்துல கூடிப்போனா இருதயத் துடிப்பே தப்பிரும். வாழைப்பழம், ஆரஞ்சு, கருப்பட்டிக் காப்பி, முருங்கைக்கீரை சூப்பு எல்லாம் அதே கணக்குதான். நோயாளியைப் பார்க்கப் போறவங்க ஆசையா வாங்கிட்டுப் போறது முக்கால்வாசி இந்த லிஸ்ட்லதான் இருக்கு.

*எஸ்தர் அக்கா (நர்ஸ்), 5:19*
நாளும் பார்க்கணும். வெள்ளிக்கு அப்புறம் அடுத்த டயாலிசிஸ் திங்கள்தான். வாரத்துலயே பெரிய இடைவெளி அது. ஞாயித்துக்கிழமைதான் உடம்புல தண்ணியும் உப்பும் கூடி நிக்கும். அன்னைக்குன்னு பார்த்துத்தான் நம்ம அசனச் (சபை விருந்து) சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில கொண்டு போவோம். சாம்பார், அப்பளம், ஊறுகாய், பாயாசம் எதுவும் அவங்களுக்கு ஆகாது. ஞாயிறு ராத்திரி மூச்சு வாங்கினாலோ, படுக்க முடியாம எழுந்து உட்கார்ந்தாலோ திங்கள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.

*பொன்ராஜ் அண்ணாச்சி, 5:21*
சரிம்மா. அப்போ என்னதான் கொண்டு போக?

*எஸ்தர் அக்கா (நர்ஸ்), 5:27*
முட்டை வெள்ளைக்கரு. டயாலிசிஸ்ல புரதமும் கொஞ்சம் போயிரும், அதனால டாக்டரே சாப்பிடச் சொல்லியிருக்காரு. காய்னா சுரைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ். அதையும் தோல் சீவி மெல்லிசா நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணியில 2 மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிரணும். வேற தண்ணியில வேகவச்சு அதையும் வடிச்சிட்டுத்தான் தாளிக்கணும். உப்பு ரொம்பக் குறைவா. "லோ சோடியம் உப்பு"ன்னு கடையில விக்கிறதை நல்லதுன்னு நினைச்சு வாங்கிக் குடுத்திராதீங்க, அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியத்தைத்தான் சேர்ப்பாங்க.

*எஸ்தர் அக்கா (நர்ஸ்), 5:29*
தண்ணி ஒரு நாளைக்கு மொத்தமே 750 மில்லின்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. 150 மில்லி டம்ளர்ல அஞ்சு டம்ளர். காப்பி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அதுக்குள்ளதான். நம்ம போனா நமக்காக ஒரு காப்பி போட்டு அவங்களும் குடிப்பாங்க, அதுலயே ஒரு டம்ளர் போயிரும். அதனால காப்பி போட விடாதீங்க.

*ஜெனிஃபர், 5:33*
அக்கா, உபவாச ஜெபம் வச்சா அவங்களும் சேரணும்னு ஆசைப்படுறாங்களாம்.

*எஸ்தர் அக்கா (நர்ஸ்), 5:35*
நம்ம இருப்போம், அவங்க வேண்டாம். வெறும் வயித்தோட மிஷின்ல படுத்தா சர்க்கரை இறங்கும், பிபியும் இறங்கும். முட்டச் சாப்பிட்டாலும் பிபி இறங்கும். கிளம்புறதுக்கு முன்னால ரெண்டு இட்லி, ஒரு முட்டை வெள்ளை போதும்.

*கிரேஸ் பெரியம்மா, 5:41*
எல்லாம் சரிதான் புள்ளைகளா. ஆனா விசுவாசத்தோட ஜெபிச்சா டயாலிசிஸே வேண்டாம்னு ஆண்டவர் சுகம் குடுக்க மாட்டாரா? எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசுல 15 வருஷம் கூட்டிக் குடுத்தாரே.

*ஐயரம்மா, 5:48*
குடுக்க வல்லவர்தான் பெரியம்மா, அதுக்காகத்தான் ஜெபிக்கோம். அதே எசேக்கியாவுக்கு, அத்திப்பழ அடையைக் கொண்டு வந்து பிளவையின் (கட்டி) மேல பத்துப் போடச் சொன்னதும் ஏசாயா தீர்க்கதரிசிதான். வாக்குத்தத்தமும் மருந்தும் பைபிள்ல ஒரே அதிகாரத்துல, 2 இராஜாக்கள் 20-ல இருக்கு. அந்த அம்மா காதுபட "டயாலிசிஸ் வேண்டாம்"னு நம்ம வாயில வந்திரவே கூடாது. ஒரு தடவை விட்டாலே நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிடலாம். "விசுவாசம் குறைவு", "என்ன பாவமோ"ங்கிற பேச்சும் வேண்டாம். யோபுவோட சிநேகிதர் 7 நாள் ராத்திரி பகலா பேசாம கூட உட்கார்ந்திருந்தாங்களே, அதுவரைக்கும் சரியாத்தான் செஞ்சாங்க. வாயைத் திறந்த பிறகுதான் அவனை நோகடிச்சாங்க.

*கிரேஸ் பெரியம்மா, 5:50*
புரியுது மா. வாயை அடக்கிக்கிடுதேன். பைபிள்ல சங்கீதம் மட்டும் வாசிக்கேன்.

*ஐயரம்மா, 5:52*
அதுதான் பெரியம்மா நல்ல ஊழியம் ❤️ 121-ம் சங்கீதம் வாசிங்க, எட்டே வசனம். வாசிச்சு ஒரு சின்ன ஜெபம், மொத்தம் அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சிரலாம். அவங்க அழுதுட்டு இருந்தா 130. "துதி பண்ணுங்க, எல்லாம் சரியாயிரும்"னு அவசரப்படுத்த வேண்டாம், அழ விடுங்க. சங்கீதக்காரனே ஆழங்கள்ல இருந்துதானே கூப்பிடுதான்.

*எஸ்தர் அக்கா (நர்ஸ்), 5:55*
ஜெபிக்கையில கையைப் பிடிக்கிறது நம்ம வழக்கம். அவங்களுக்கு இடது கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ரத்தக்குழாய்களை இணைச்ச இடம்) போட்டிருக்கு. அந்தக் கையைப் பிடிச்சு அமுக்கக் கூடாது, அதுல தலை வச்சுப் படுக்கக் கூடாது, வளையல், வாட்ச், பிபி கட்டு எதுவும் அந்தக் கையில கூடாது. தொட்டா உள்ள கிர்ர்னு ஓடுறது தெரியும். அந்த ஓட்டம் நின்னா உடனே யூனிட்டுக்குச் சொல்லணும்னு மகளுக்குத் தெரியும். நம்ம வலது கையைப் பிடிப்போம், இல்ல தலையில கை வைப்போம். பத்துப் பேரு வேண்டாம், ரெண்டு பேரு போதும். இருமல், காய்ச்சல் உள்ளவங்க போகவே வேண்டாம்.

*சாமுவேல் தம்பி, 6:02*
ஐயரம்மா, என்னைக்குப் போகணும்? திங்கள் சாயந்திரம் போகலாமா?

*எஸ்தர் அக்கா (நர்ஸ்), 6:03*
டயாலிசிஸ் அன்னைக்கு வேண்டாம் தம்பி. வந்து அசந்து தூங்குவாங்க. செவ்வாய், வியாழன் 5 மணி நல்லது.

*ஐயரம்மா, 6:15*
இப்ப மகளைப் பத்தி. எல்லாரும் அம்மாவைத்தான் விசாரிக்கோம். 4 மணிக்கு எழும்பி, கூட்டிட்டுப் போய், வராண்டாவுல உட்கார்ந்து, திரும்ப வந்து சமைச்சு, அதுக்குப் பிறகு வேலைக்குப் போறவ அவதான். எலியா தீர்க்கதரிசியை நினைச்சுப் பாருங்க, 1 இராஜாக்கள் 19. சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு, போதும் ஆண்டவரேன்னு சாவு கேட்டவன். தூதன் வந்து உபதேசம் பண்ணல. தட்டி எழுப்பி, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான். தின்னுட்டுத் திரும்பப் படுத்தான், தூங்க விட்டான். ரெண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வச்ச பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை. ஆண்டவரோட மெல்லிய சத்தம் கேட்டது அங்க போன பிறகு. நம்ம பல நேரம் அடையை மறந்துட்டு நேரா மலைக்கு இழுக்கோம்.

*ஜெனிஃபர், 6:17*
அந்த அடையை நான் எடுத்துக்கிடுதேன் 🙋 திங்கக்கிழமை அவளுக்குக் காலைச் சாப்பாடு.

*ஐயரம்மா, 6:20*
நாலு இட்லி, பொடியும் நல்லெண்ணெயும் தடவி வையி. தேங்காச் சட்னி வேண்டாம். அஞ்சு மணிக்கு அரைச்சது வராண்டா வெக்கையில எட்டு மணிக்கெல்லாம் புளிச்சிரும். பாத்திரம் திரும்ப வரணும்னு எதிர்பார்க்காத, வாழையிலையில கட்டிக் குடு. அதைக் கழுவித் திருப்பிக் குடுக்கிறதும் அவளுக்கு ஒரு வேலை.

*சாமுவேல் தம்பி, 6:22*
5:45-க்கு என் ஆட்டோ. மூணு நாளும்.

*பொன்ராஜ் அண்ணாச்சி, 6:26*
டீசல் காசு சங்கத்துல இருந்து உனக்கு வரும் தம்பி, வாங்கிக்கிடணும். நீ மூணு வாரம் சும்மா ஓட்டிட்டு நாலாவது வாரம் முடியாமப் போனா அவங்க நடுரோட்டுல நிப்பாங்க. வருஷக்கணக்கா ஓட வேண்டியது இது. அந்த வீட்டுக்குக் குடுக்கிற பணத்தையும் ஆளாளுக்குக் கையில திணிக்க வேண்டாம், பொருளாளர் மூலமா ஒரே கவர்ல போகட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவங்ககிட்ட இருக்கா? இல்லைன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்து வைக்கச் சொல்லுங்க. புதன்கிழமை நான் கூடப் போறேன்.

*கிரேஸ் பெரியம்மா, 6:31*
வீட்டுக்கு வீடு தினம் எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசியில இருந்து அந்த வீட்டுக்கு மாசம் 10 கிலோ குடுக்கலாமே. ஒரு பிடி 40 கிராம்னாலும் 20 வீடு, 30 நாளுக்கு 24 கிலோ வருதே.

*பொன்ராஜ் அண்ணாச்சி, 6:34*
குடுப்போம் பெரியம்மா. ஆனா எல்லாரும் புழுங்கலரிசியே போடுங்க. பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து வந்தா ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது, சோறு வடிக்க முடியாம மாவுக்குத்தான் ஆகும். மிசோரம் சபைகள்ல 1910-லேர்ந்து இந்தப் பிடி அரிசியிலதான் எத்தனையோ ஊழியம் நடக்கு. சின்னதுன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

*ஐயரம்மா, 6:40*
சங்கிலி ஜெபம் திங்கள் 6:30-லேர்ந்து 10:30 வரை. ஆளுக்கு 15 நிமிஷம், 16 பேரு வேணும். அவங்கவங்க வீட்டுல இருந்தே. முடிச்சதும் அடுத்த ஆளுக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, சங்கிலி அறுபடுறது அங்கதான். இங்க நீளமா ஜெபத்தை டைப் பண்ண வேண்டாம். அப்புறம், சனி சாயந்திரம் யாராவது 2 மணி நேரம் அம்மா கூட இருந்தா மகள் பாடகர் குழுப் பயிற்சிக்கு வரலாம். அவ ஆல்ட்டோ (பெண்கள் கீழ்க்குரல்) பாடி ரெண்டு மாசமாச்சு.

*ஜெனிஃபர், 6:42*
சனி நானும் அம்மாவும் இருக்கோம்.

*ஜெனிஃபர், 6:44*
ஐயரம்மா, இன்னொண்ணு. அந்த அம்மா "எல்லாரும் எனக்குச் செய்றீங்க, நான் யாருக்கும் ஒண்ணும் செய்ய முடியலையே"ன்னு அழுதாங்களாம்.

*ஐயரம்மா, 6:51*
20 வருஷம் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) டீச்சரா இருந்தவங்கல்லா, அப்படித்தான் இருக்கும். 4 மணி நேரம் மிஷின்ல படுத்திருக்கையில ஜெபிக்க நேரமிருக்கு. நம்ம தெருவுல பத்தாவது, பன்னிரண்டாவது எழுதுற பிள்ளைகள் பேரை எழுதிக் குடுப்போம். ஒரு நாளைக்கு அஞ்சு பேரு, அதுக்கு மேல வேண்டாம். பேருக்குப் பக்கத்துல அன்னைக்கு என்ன பரீட்சைன்னும் எழுதணும். பிள்ளைகள்கிட்டயும் சொல்லுங்க, பரீட்சை முடிஞ்சதும் அந்தம்மாகிட்ட வந்து எப்படி எழுதினோம்னு சொல்லணும்.

*சாமுவேல் தம்பி, 6:53*
பேரை நான் எழுதுதேன். தடிமனான அட்டையில, ஸ்கெட்ச் பேனாவுல, பெருசா.

*எஸ்தர் அக்கா (நர்ஸ்), 6:54*
தபால் கார்டு அளவுக்கு மேல வேண்டாம் தம்பி, ஒரு கையாலதான் பிடிக்கணும். ஊசி குத்துறதுக்கு முன்னாலயே வலது கையில குடுத்திரு. கண்ணாடியை மறக்காம மாட்டிவிடச் சொல்லு.