புகைச் சோதனையில் ஃபெயில்: ஸ்கேனர் 'லீன்' என்கிறது, ரிப்போர்ட் 'ரிச்' என்கிறது

கேள்வி

வணக்கம். சென்னையில் 2014-இல் பதிவான பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.0 லிட்டர், 3 சிலிண்டர், பி.எஸ் 4 மாசு விதிப்படி வந்த வண்டி. மாசுச் சான்றிதழ் புதுப்பிக்கப் போனால் ஃபெயில். ரிப்போர்ட் 'ரிச்' (பெட்ரோல் கூடுதல்) என்கிறது:

ஐடிலிங்: சி.ஓ (கார்பன் மோனாக்சைடு) 1.6%, எச்.சி (எரியாத பெட்ரோல்) 290 பி.பி.எம்
2500 ஆர்.பி.எம்: சி.ஓ 1.3%, லாம்டா (காற்று-பெட்ரோல் அளவு: 1 என்றால் சரி, குறைந்தால் ரிச், கூடினால் லீன்) 0.95

செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் எரர் கோடு (code) பி0171, அதாவது 'லீன்' (பெட்ரோல் குறைவு). மைலேஜும் விழுந்திருக்கிறது. ஏர் ஃபில்டர், பிளக் இரண்டும் புதுசு. பி0171 என்றால் பெட்ரோல் போதவில்லை, இஞ்செக்டர் கிளீன் பண்ணி பம்ப்பும் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். பெட்ரோல் போதாத வண்டி எப்படி இவ்வளவு சி.ஓ விடும்?

ஸ்பானர்

சரியான சந்தேகம். பம்ப்புக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

பி.எஸ் 4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் சி.ஓ 0.3%, எச்.சி 200 பி.பி.எம் வரை. 2500-இல் சி.ஓ 0.2%, லாம்டா 0.97 முதல் 1.03 வரை. உங்களுக்கு எல்லாமே தாண்டுகிறது. (சென்னைக்கு பி.எஸ் 4 2010-லேயே வந்துவிட்டது. அதே 2014 மாடல் வேறு ஊர்ப் பதிவு என்றால் பி.எஸ் 3 ஆக இருக்கலாம், அதற்கு 0.5%, 750 பி.பி.எம். மெஷினில் எந்த நார்ம்ஸ் போட்டார்கள் என்று ஆர்.சி-யோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.)

லாம்டா 1-ஐ ஒட்டி இருந்து சி.ஓ, எச்.சி மட்டும் ஏறியிருந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) சந்தேகிக்கலாம். எச்.சி மட்டும் எகிறினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாதது). 0.95 என்பது நிஜமாகவே பெட்ரோல் கூடுதல். இந்த நிலையில் கன்வெர்ட்டர் மாற்றினால் அதுவும் பாழாகும்.

ஒரு ஓ.பி.டி அடாப்டர் (வண்டியின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ-வின் அளவுகளைப் படிக்கும் கருவி) மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நான்கு அளவு எடுத்துப் போடுங்கள்: கூலன்ட் சூடு, ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம் (ஈ.சி.யூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது), முன் ஆக்ஸிஜன் சென்சர் வோல்டேஜ் (குறைந்தால் லீன், ஏறினால் ரிச்).

கேட்டவர்

கூலன்ட் 88 டிகிரி. ஷார்ட் டெர்ம் +8, லாங் டெர்ம் +22. முன் சென்சர் 0.08 முதல் 0.15 வோல்ட்டுக்குள்ளேயே நிற்கிறது, ஆடவே இல்லை.

கிரீஸ் கை

சென்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருக்கும். வெளிக்காற்று உள்ளே போனால் சென்சர் லீன் என்று நினைக்கும், ஈ.சி.யூ பெட்ரோலை ஏற்றும். மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரம் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள்.

ஸ்பானர்

பார்ப்பதில் தப்பில்லை, செலவும் இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயைத் தடிமனான துணியால் சில விநாடி பாதி அடைத்தால் 'புஸ் புஸ்' எங்கே வருகிறது என்று கேட்கும். ஆனால் இங்கே லீக் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போகிற காற்று புகையோடு பின்னால் வரைக்கும் வரும், சோதனை மெஷின் அதையும் சேர்த்துத்தான் லாம்டா கணக்குப் போடும். லீக் என்றால் லாம்டா 1-க்கு மேலே போயிருக்க வேண்டும். 0.95 வந்திருக்கிறது. ஆக, சென்சர் பொய் சொல்கிறது, ஈ.சி.யூ அதை நம்பி 20 சதவீதத்துக்கு மேல் பெட்ரோல் கூட்டுகிறது. பி0171 வந்ததும் இதனால்தான்: சென்சர் சொன்னதைத்தான் கோடு திருப்பிச் சொல்கிறது.

சென்சரை வாங்கும் முன் இரண்டு சோதனை. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வோல்டேஜ் 0.7-க்கு மேல் ஒரு கணம் துள்ள வேண்டும். அப்படியும் 0.1-லேயே கிடந்தால் கனெக்டரைக் கழற்றுங்கள். பல ஈ.சி.யூக்களில் அப்போது ரீடிங் 0.45 பக்கம் நகரும், நகர்ந்தால் சென்சர்தான் போயிருக்கிறது. அங்கேயே நின்றால் சிக்னல் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறதா என்று தேடுங்கள், எலி கடித்த வயர் இதையே செய்யும்.

கேட்டவர்

மிதித்தும் துள்ளவில்லை. கனெக்டரைக் கழற்றியதும் 0.45. லீக் சத்தம் இல்லை. மாற்றும்போது எதைக் கவனிக்க?

கிரீஸ் கை

அப்படியென்றால் சென்சர்தான், ஒப்புக்கொள்கிறேன். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள், இறுகியிருந்தால் ரஸ்ட் ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள். 22 எம்.எம் பிளவு சாக்கெட் வேண்டும். வயரை வெட்டி ஒட்டுகிற யூனிவர்சல் ரகம் வேண்டாம், உங்கள் கனெக்டரோடு வருவதையே வாங்குங்கள். மரையில் பேஸ்ட் பூசியே வரும், கூட எதுவும் தடவாதீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் சாதா சிலிக்கான் சீலன்ட் போட்டால் அதன் ஆவியே புது சென்சரைக் கெடுத்துவிடும்.

மாட்டியதும் எரர் கோடை (code) அழித்து, பழைய ட்ரிம் மறைந்து புதுசாகக் கற்றுக்கொள்ள 30 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். அதே சூட்டில் சோதனைக்குப் போங்கள். வரிசையில் வெறும் ஐடிலிங்கில் நின்றால் கன்வெர்ட்டர் ஆறிவிடும், உங்கள் முறை வரும்போது 2500-இல் இரண்டு நிமிடம் பிடியுங்கள்.

கேட்டவர்

பாஸ். ஐடிலிங் சி.ஓ 0.21, எச்.சி 95. 2500-இல் சி.ஓ 0.17, லாம்டா 1.00. லாங் டெர்ம் ட்ரிம் +3.

ஸ்பானர்

நல்லது. லாம்டா 1.00 இருந்தும் சி.ஓ 0.17 என்பது எல்லையை ஒட்டி இருக்கிறது. இத்தனை நாள் ரிச்சாக ஓடியதில் கன்வெர்ட்டர் களைத்திருக்கிறது. இப்போது மாற்றத் தேவையில்லை. ஆனால் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான், அடுத்த முறை கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே சோதித்துவிடுங்கள். மாற்ற வேண்டி வந்தால் மலிவு கன்வெர்ட்டர் பக்கம் போகாதீர்கள். பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு குறைவாக இருக்கும், சீக்கிரமே இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.