எலிக் குடலின் நரம்பு ஸ்டெம் செல்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஆய்வு மாணவி:
பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளின் சிறுகுடலைக் கண்ணாடிக் குச்சியில் ஏற்றி, ஈரப் பஞ்சால் மேல்தசையை உரித்து, கொலாஜினேஸ் என்ற நொதியில் கரைத்துச் செல்களைப் பிரிக்கும் வழக்கமான முறையைத்தான் நானும் பின்பற்றினேன். ஒன்பதாம் நாள், ஸ்டெம் செல்கள் பெருகி உண்டானவை என்று நாங்கள் கருதிய செல் உருண்டைகள் மிதந்தன. அவற்றை செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் லேமினின் புரதம் பூசிய தட்டில் படியவிட்ட ஐந்தாம் நாள், நுண்ணோக்கியின் கீழே ஓர் உருண்டையும் அதைச் சுற்றிய செல்களும் சீராகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. நாங்கள் வளர்த்த நியூரான்கள் தசையை இயக்குகின்றன என்று நினைத்து எல்லோரையும் அழைத்துக் காட்டினேன். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் நரம்புச் சமிக்ஞையைத் தடுக்கும் நஞ்சான டெட்ரோடோடாக்சினை விடச் சொன்னார். விட்டேன், துடிப்பு நிற்கவில்லை. நரம்புச் சமிக்ஞையே இல்லாமல் குடல் தசையிடையே உள்ள கஹால் செல்கள் தாமே எழுப்பும் தாளம் அது என்று பிறகுதான் புரிந்தது. ஆனாலும் நியூரான்களை அடையாளம் காட்டும் ஹூ புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது நியூரான்கள் அங்கேயே இருந்தன. அவை என்னதான் செய்துகொண்டிருந்தன என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

திசு வளர்ப்புப் பணியாளர்:
எனக்கு அந்த நிலைவரை போகவே வாய்க்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது, முந்தைய மாலை இளஞ்சிவப்பாக இருந்த ஊடகம் எல்லாத் தட்டுகளிலும் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. குடல் என்றால் பாக்டீரியா கூடவே வரும். ஆகவே கருநிலை எலியின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வாங்கிக்கொள்வதே மேல். மூளைச் செல்களைச் சுண்டெலியின் இரைப்பைச் சுவரில் செலுத்திப் பயன் கண்டவர்களும் இருக்கிறார்கள்.

முன்னாள் ஆய்வாளர்:
மேலே சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இரைப்பையில் செலுத்திப் பார்ப்பது வேறு, குடல் நரம்பு மண்டலம் எப்படி உருவாகிறது என்று ஆராய்வது வேறு. மூளைச் செல்கள், கருவில் மூளையும் தண்டுவடமுமாக மாறும் நரம்புக் குழாயிலிருந்து வருகின்றன. குடலின் நியூரான்களும் அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களும், அந்தக் குழாயின் விளிம்பில் உருவாகும் நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டுக் குடல் நெடுக நடந்து வந்தவை. வளர்ந்த எலியின் குடலிலும் அத்தகைய ஸ்டெம் செல்கள் எஞ்சியிருப்பதையும், வயது ஏற ஏற அவை தம்மைப் புதுப்பிக்கும் திறன் குறைவதையும் 2002-இல் ஷான் மாரிசனின் குழு காட்டியது. நானும் ஒருமுறை உருண்டைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்து ஏமாந்தேன். அடர்த்தியாக விதைத்த தட்டில் இரண்டு உருண்டைகள் ஒட்டி ஒன்றாவதை என் கண்ணாலேயே கண்டேன். உருண்டை உருவானதாலேயே அது ஸ்டெம் செல் ஆகிவிடாது. பி75 என்ற மேற்பரப்புப் புரதத்தை அடையாளமாகக் கொண்டு செல்களைப் பிரித்தெடுங்கள், மிகக் குறைந்த அடர்த்தியில் விதையுங்கள், ஒரே செல்லிலிருந்து நியூரானும் கிளியாவும் வருகின்றனவா என்று பாருங்கள். மாசு வந்தால் குடலைப் பலமுறை கழுவி, நுண்ணுயிர்க்கொல்லிகளான ஜென்டமைசினும் ஆம்போடெரிசினும் சேருங்கள். அதற்காகச் செல்லையே மாற்றாதீர்கள்.

குழந்தைகள் அறுவை மருத்துவர்:
பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 5000-க்கு ஒன்றுக்கு குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் இருக்கிறது. குழந்தை மேசையில் கிடக்க, அனுப்பிய குடல் துணுக்கில் நரம்புச் செல் இல்லை என்று நோயியல் அறையிலிருந்து பதில் வரும். இன்னும் சற்று மேலே வெட்டி மறுபடி அனுப்புவோம். மூன்றாம் முறையும் அதே பதில் வந்த ஒரு பிற்பகலை என்னால் மறக்க முடியவில்லை. மாணவியின் கேள்விக்கு ஒன்று சொல்வேன், அம்மா. எண்டோதெலின் பி ஏற்பி மரபணுவில் குறையுள்ள எலி வகையின் கடைக்குடலில் நரம்பு முடிச்சுகளே இருப்பதில்லை. அந்தத் துண்டின் மேல் உங்கள் உருண்டைகளைப் படியவிட்டு, மின்தூண்டல் கொடுத்து, அதன்பின் டெட்ரோடோடாக்சின் விட்டுப் பாருங்கள். தூண்டலுக்கு வந்த அசைவு அப்போது நின்றால், அது உங்கள் நியூரான்களின் வேலை.